பிள்ளை உண்ணாத நாளில் இன்சுலினை நிறுத்தலாமா?

“நேற்று இரவிலிருந்து பிள்ளை ஒன்றும் சாப்பிடவில்லை, அதனால் ஊசி போடவில்லை.” காய்ச்சல் பரவும் காலங்களில் முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளின் பெற்றோர் எங்களிடம் இவ்வாறு கூறுவதுண்டு. உணவின்றி ஊசி போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடுமே என்னும் அச்சம் இயல்பானதே. ஆயினும், இன்சுலினை அடியோடு நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இக்குழந்தைகளின் கணையம் போதிய இன்சுலினைச் சுரப்பதில்லை. உணவு உண்ணாவிட்டாலும் கல்லீரல் இரத்தத்தில் சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். காய்ச்சலின்போது மிகும் சில ஹார்மோன்கள் அதை மேலும் உயர்த்தும். இன்சுலின் இல்லாதபோது உடல் அச்சர்க்கரையைப் பயன்படுத்த இயலாமல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதனால் கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் இரத்தத்தில் பெருகும். சில மணி நேரத்திலேயே இந்நிலை முற்றிவிடக்கூடும்.

ஆகவே, நீண்ட நேரம் செயல்படும் இன்சுலினை ஒருபோதும் நிறுத்தலாகாது. காய்ச்சலில் பெரும்பாலும் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருந்தால் சில வேளை குறைக்க நேரும். உணவு வேளைக்குரிய இன்சுலினைக் குழந்தை உண்ணும் அளவுக்கேற்ப மாற்ற வேண்டும். கலவை இன்சுலின் போடும் குழந்தைக்கு என்ன அளவு என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

1. இரவிலும் விடாமல், 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரையைச் சோதியுங்கள்.

2. அளவு 250 மி.கி.க்கு மேல் நீடித்தாலோ, வாந்தி இருந்தாலோ கீட்டோன் சோதனை செய்யுங்கள். கீட்டோன் தென்பட்டால் உடனே எங்களை அழையுங்கள்.

3. நீர்ச்சத்து குறையாமல் சிறிது சிறிதாகப் பருகக் கொடுங்கள். சர்க்கரை மிகுந்திருந்தால் வெந்நீர், உப்பிட்ட நீர்மோர். குறைந்து வந்தால் கஞ்சி, பழச்சாறு.

4. அளவு 70க்குக் கீழே சென்றால் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை கரைத்த நீர் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். நினைவிழந்த குழந்தைக்கு வாய்வழியாக எதையும் புகட்டாதீர்கள்.

ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழ வாடை, மயக்கம் போன்ற தூக்கம், வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் காத்திராமல் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

காய்ச்சல் வந்த பின் இவற்றையெல்லாம் நினைவுகூர்வது கடினம். எனவே, பிள்ளை நலமாக உள்ளபோதே, அடுத்த வருகையில், காய்ச்சல் நாளுக்குரிய ஊசி அளவுகளை எங்களிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அத்தாளை வீட்டில் அனைவர் கண்ணிலும் படும்படி ஒட்டிவையுங்கள். பாட்டி தாத்தாவுக்கும் படித்துக் காட்டுங்கள். ஐயம் எழுந்தால், நள்ளிரவாயினும் தயங்காமல் அழையுங்கள். ஊசியை நிறுத்துவதற்கு முன் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். அதுவே நாங்கள் உங்களிடம் வேண்டுவது.