கரும்பலகை தேசங்கள் – 7: கோணல் வரப்பு

ஒரே நிலம், சொந்தக்காரர்கள் இரண்டு பேர். நடுவில் ஓடும் வரப்பு நேராக இல்லை. பாதியில் ஒடிந்து வேறு பக்கம் திரும்புகிறது. இருவர் பங்கின் பரப்பளவும் துளிகூட மாறாமல் அந்த வரப்பை நேராக்க வேண்டும். ஜப்பானில் எட்டாம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் கொடுத்த கணக்கு இது.

அந்தப் பாடம் வீடியோவில் பதிவாகியிருக்கிறது. 1995-ஆம் ஆண்டின் மூன்றாவது சர்வதேச கணித, அறிவியல் ஆய்வுக்காக ஜெர்மனியில் 100, ஜப்பானில் 50, அமெரிக்காவில் 81 கணக்கு வகுப்புகளைப் படம்பிடித்தார்கள். தலைமை ஏற்றவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த பேராசிரியர் ஜேம்ஸ் ஸ்டிக்லர். தேர்வு வைத்து நாடுகளை வரிசைப்படுத்தும் பழக்கம் முன்பே உண்டு. நாடு தழுவி மாதிரி எடுத்து, வகுப்புக்குள்ளேயே கேமராவோடு போனது அதுதான் முதல் தடவை.

ஜப்பானிய ஆசிரியர் முந்தைய வகுப்பில் நடத்தியதை முதலில் நினைவூட்டுகிறார்: இரண்டு இணைகோடுகளுக்கு நடுவே, ஒரே அடிப்பக்கத்தின் மேல் எத்தனை முக்கோணம் வரைந்தாலும் பரப்பளவு ஒன்றுதான். அடுத்து வரப்புக் கணக்கு. நேர்க்கோடு எங்கே வரும் என்று குத்துமதிப்பாகச் சொல்லச் சொல்லி, பலகையில் குச்சியை வைத்துப் பார்க்கிறார். வழியைச் சொல்லவில்லை. மூன்று நிமிடம் தனியாக யோசிக்கச் சொல்லிவிட்டு மேசை மேசையாக நடக்கிறார். நேரம் முடிந்ததும் நண்பர்களோடு பேசலாம். திணறுகிறவர்களுக்குக் குறிப்பு அட்டைகள் முன்னால் இருக்கின்றன. எடுப்பதும் எடுக்காததும் பிள்ளைகள் விருப்பம்.

விடை அழகானது. வரப்பின் இரு முனைகளையும் சேர்த்து ஒரு கோடு போட்டால், ஒடிந்த இடத்தை உச்சியாகக் கொண்ட முக்கோணம் கிடைக்கும். அந்த உச்சி வழியாக இணைகோடு ஒன்று வரைந்து, உச்சியை அதன் மேலேயே நிலத்தின் ஓரம் வரை நகர்த்துங்கள். பரப்பளவு அப்படியே நிற்க, வரப்பு நேராகிவிடும். பிள்ளைகளே பலகைக்கு வந்து இதை விளக்குகிறார்கள். ஆசிரியர் அதோடு விடவில்லை; ஒரு நாற்கரத்தை அதே பரப்பளவுள்ள முக்கோணமாக மாற்றச் சொல்கிறார். முதல் கணக்கை உண்மையிலேயே புரிந்துகொண்ட பிள்ளைக்குத்தான் இது பிடிபடும்.

அமெரிக்கப் பதிவுகளில் பெரும்பாலும் ஆசிரியர் விதியைச் சொல்வார், ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவார், அதேபோல இருபது, முப்பது கணக்குகளைப் பிள்ளைகள் போடுவார்கள். பாடத்தில் வந்த கருத்துகளில் ஏன், எப்படி என்று விளக்கி வளர்த்தெடுத்தவை ஜப்பானில் 83 சதவீதம், ஜெர்மனியில் 77. அமெரிக்காவில் 22 தான். மீதியெல்லாம் சும்மா அறிவித்துவிட்டுப் போனவை.

இதைப் படித்த பலரும் ஜப்பான் முறையே வெற்றிக்கு ஒரே வழி என்று முடிவுகட்டினார்கள். அது அவசரம். 1999-இல் இதே ஆய்வு ஏழு நாடுகளுக்கு விரிந்தபோது ஹாங்காங் வகுப்புகள் வேறு விதமாக இருந்தன. அங்கே ஆசிரியரே நிறையப் பேசுகிறார். கணக்குகளில் 84 சதவீதம் விதியை அப்படியே பயன்படுத்தும் பயிற்சிதான். ஆனாலும் ஹாங்காங் மாணவர்கள் உலகின் முன்வரிசையில்!

விடை வேறோர் இடத்தில் இருந்தது. கருத்துகளை ஒன்றோடொன்று இணைத்து யோசிக்க வைக்கும் கடினமான கணக்குகள் ஹாங்காங்கில் 13 சதவீதம், அமெரிக்காவிலோ 17. அதாவது அமெரிக்க ஆசிரியர்கள் கொடுத்தது சற்று அதிகமே. கொடுத்த பிறகு நடந்ததைத்தான் பார்க்க வேண்டும். ஹாங்காங்கில் அவற்றில் 46 சதவீதமும் செக் குடியரசில் 52 சதவீதமும் கடைசிவரை யோசிக்கும் கணக்குகளாகவே நடந்தன. அமெரிக்காவில் ஏறக்குறைய பூஜ்யம். பிள்ளை தடுமாறத் தொடங்கியதும் ஆசிரியர் குனிந்து அடுத்த படியைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார். அதன் பிறகு மிஞ்சுவது வெறும் கூட்டல் கழித்தல்.

என்னை மிகவும் பாதித்த எண் அந்தப் பூஜ்யம்தான். அங்கே ஆசிரியரின் சோம்பலோ அறியாமையோ காரணமில்லை. பிள்ளை கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க மனம் வரவில்லை. குழப்பம் என்றால் நாம் சரியாக நடத்தவில்லை என்ற பயம். ஜப்பானிய ஆசிரியருக்கோ அந்தக் குழப்பம் பாடத்தின் ஒரு பகுதி. அதற்கு நேரம் ஒதுக்கியே வகுப்புக்கு வருகிறார்.

இந்த வேறுபாட்டைப் பயிற்சிக் கல்லூரி உண்டாக்கியதாகத் தெரியவில்லை. மாணவராக உட்கார்ந்திருந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் பார்த்ததைத்தான் எந்த நாட்டு ஆசிரியரும் திரும்பச் செய்கிறார் என்கிறார்கள் ஸ்டிக்லரும் ஜேம்ஸ் ஹீபர்ட்டும், 1999-இல் எழுதிய ‘தி டீச்சிங் கேப்’ நூலில். அமெரிக்காவில் 1989-லேயே கணித ஆசிரியர் மன்றம் கணிதக் கல்விக்கான புதிய நெறிகளை வெளியிட்டது. படம்பிடிக்கப்பட்ட ஆசிரியர்களில் பெரும்பாலோர் தாங்கள் அதைப் பின்பற்றுவதாகவே நம்பினார்கள். பழைய பாடத்தில் குழுவாக உட்கார வைத்ததுதான் புதிது.

ஜப்பானிலோ ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை மாதக்கணக்கில் செதுக்குகிறார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் பின்னால் நின்று பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள். ‘ஜுக்யோ கென்க்யூ’ எனப்படும் அந்த வழக்கம் எப்படி நடக்கிறது என்பதை அடுத்த வாரம் விரிவாகப் பார்க்கலாம்.

(தொடரும்)