மின்சாரமா, சோப்பு நுரையா? முகச் சவரத்துக்கு எது நல்லது?

கால் சுளுக்கிக் கொண்டது. அதனால் ஒரு கருவி பிறந்தது!

ஜேக்கப் ஷிக் என்பவர் அமெரிக்க ராணுவ அதிகாரி. ராணுவத்தை விட்டு விலகியதும், வட அமெரிக்காவின் வடகோடிக்குத் தங்கம் தேடிப் போனார். போன இடத்தில் கால் சுளுக்கியது. கூடாரத்தில் முடங்கிக் கிடந்தார். உடம்பை உறைய வைக்கும் குளிர். அந்தக் குளிரில் முகத்தை நனைத்துச் சவரம் செய்வது பெரும்பாடாக இருந்தது.

தண்ணீரும் சோப்பும் இல்லாமல் சவரம் செய்ய முடியாதா என்று யோசித்தார். ஒரு கருவியைப் படமாக வரைந்து தொழிற்சாலைகளுக்கு அனுப்பினார். எல்லோரும் கையை விரித்து விட்டார்கள்!

ஷிக் தளரவில்லை. முதலில் வேறொரு சவரக் கத்தியை உருவாக்கி விற்றார். பிறகு அந்தத் தொழிலை விற்று, பணத்தை மின்சாரக் கருவியில் போட்டார். 1931-ம் ஆண்டில் அது விற்பனைக்கு வந்தது. விலை 25 டாலர்.

முதல் ஆண்டில் சுமார் 3,000 கருவிகள் விற்றன!

பிளேடின் கதையும் சுவையானது. கிங் ஜில்லெட் ஊர் ஊராகச் சுற்றிய விற்பனையாளர். தேய்ந்தால் தூக்கி எறியக்கூடிய பிளேடைக் கண்டுபிடித்தார். 1903-ம் ஆண்டில் 51 செட்டுகள்தான் விற்றன. மறு ஆண்டு 90 ஆயிரத்துக்கு மேல் விற்றன!

இந்த இரண்டில் எதை வாங்குவது?

பிளேடு

வழவழப்பான முகம் வேண்டுமா? அதற்குப் பிளேடுதான். செலவும் குறைவு. ஆனால் அவசரம் கூடாது.

வெதுவெதுப்பான தண்ணீரில் முகத்தை நனையுங்கள். இரண்டு, மூன்று நிமிடம் பொறுங்கள். முடி தண்ணீரை உறிஞ்சி மெதுவாகிவிடும். பிறகு சோப்பு நுரை போட்டு, முடி வளரும் திசையிலேயே வழியுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடை அலச வேண்டும். ஐந்து முதல் ஏழு சவரத்துக்குள் பிளேடை மாற்றிவிடுவது நல்லது.

மின்சாரக் கருவி

இதில் பிளேடு தோலைத் தொடாது. சல்லடைபோல் துளையுள்ள மெல்லிய தகடு தோல்மேல் நகரும். துளைக்குள் நுழையும் முடியை, உள்ளே ஓடும் பிளேடு வெட்டும். வட்டமாகச் சுழலும் வகையும் உண்டு. அதை ஹாலந்து நாட்டின் பிலிப்ஸ் நிறுவனம் 1939-ல் கொண்டு வந்தது.

காயம் படுவது அரிது. நேரமும் மிச்சம். ஆனால் பிளேடு அளவுக்கு ஒட்ட எடுக்காது. நாலைந்து நாள் தாடி என்றால் திணறும். வியர்வை இருந்தால் சரியாக ஓடாது. முகத்தை நன்றாகத் துடைத்துக் கொள்ள வேண்டும். தோல் பழகவே இரண்டு, மூன்று வாரம் ஆகும். முதல் நாளே "இது உதவாது" என்று மூலையில் போட்டுவிடாதீர்கள்! நனைத்துப் பயன்படுத்தும் கருவிகளும் இப்போது கிடைக்கின்றன.

யாருக்கு எது?

வீட்டில் தாத்தா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? அவருக்கு மின்சாரக் கருவிதான் ஏற்றது. சிறு கீறல்கூட அவருக்கு எளிதில் நிற்காது. கை நடுங்குகிறவர்களுக்கும் இதுவே நல்லது.

சுருட்டை முடிக்காரர்கள் ஒட்ட வழித்தால், முடி வளைந்து தோலுக்குள்ளேயே புகுந்து கட்டியாகும். அவர்கள் மின்சாரக் கருவியால் கொஞ்சம் முடியை விட்டு எடுக்கலாம். முகப்பரு உள்ள பையன்கள் இரண்டையும் செய்து பார்த்து, எரிச்சல் தராததை வைத்துக் கொள்ளலாம்.

"சவரம் செய்தால் முடி தடித்து வளரும்" என்பது வெறும் நம்பிக்கை. 1928-ம் ஆண்டிலேயே ஆராய்ந்து பார்த்து, அது உண்மையல்ல என்று கண்டுவிட்டார்கள்.

இது முக்கியம்!

சிலர் அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே செட் போதும் என்று நினைக்கிறார்கள். இது ஆபத்து! கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி போதும், மஞ்சள் காமாலை உண்டாக்கும் ஹெபடைடிஸ்-பி கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றிவிடும். சலூனுக்குப் போனாலும் புதுப் பிளேடு போடச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

பிளேடோ, மின்சாரமோ, எது பிடிக்கிறதோ அதை வாங்குங்கள். ஆனால் ஆளுக்கு ஒன்றாக வாங்குங்கள்!