தூளியை எங்கே கட்டுவது?

பிள்ளையைத் தினமும் வேலைக்குக் கூட்டிப்போகலாமா என்று யாராவது கேட்டால், பிள்ளைக்கு என்ன வயது, செய்கிற வேலை என்ன என்று நான் திருப்பிக் கேட்பேன்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்கிறார்கள் மருத்துவர்கள். சித்தாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்ணுக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு கிடைப்பதில்லை. கைப்பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வா என்று அவரிடம் சொன்னால், பாலை நிறுத்து என்று சொன்னதாகத்தான் ஆகும். அதனால் பிள்ளையும் கூடவே வருகிறது. பக்கத்து மரத்தில் பழைய சேலை தூளியாகிறது.

அந்தத் தூளி வேலைக்குப் பக்கத்தில் இருக்கட்டும், நடுவில் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். பஞ்சு பறக்கும் ஆலையிலும் மருந்து தெளிக்கும் தோட்டத்திலும் பெரியவர்கள் மூச்சுவிடும் காற்றையே பிள்ளையும் சுவாசிக்கிறது, ஆனால் அதன் உடம்பு சின்னது. ஈயத்தை எடுத்துக்கொண்டால், பெரியவர் உடம்பு ஏற்பதைப் போல 4 முதல் 5 மடங்கு வரை சிறு பிள்ளையின் உடம்பு உறிஞ்சிவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேட்டரி பழுதுபார்க்கும் பட்டறைக்குள் பிள்ளையை ஒரு நாள்கூட விடக் கூடாது.

வளர்ந்த பிள்ளை என்றால் கவலை வேறு. பள்ளி விட்டதும் அப்பாவின் மளிகைக்கடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவதில் தவறில்லை. செங்கல் சூளையில் நடப்பது அப்படி இல்லை. அங்கே கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. முன்பணம் வாங்கிய குடும்பம் அதைக் கழிக்க வேண்டும். கல்லைத் திருப்பிக் காயவைக்க ஒரு சின்னக் கை சேர்ந்தாலும் எண்ணிக்கை ஏறும். யாரும் பிள்ளையை வேலைக்கு வைக்கவில்லை, கூட வந்த பிள்ளைதான். ஆனால் தை பிறந்ததும் சூளைக்கு வந்தவன், பள்ளியில் முழுப்பரீட்சை நடக்கும்போது கல் அடுக்கிக்கொண்டிருப்பான். 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலையில் அமர்த்தத் தடை இருக்கிறது. கூலிமுறை அந்தத் தடையைப் பின்கதவு வழியாகத் தாண்டிவிடுகிறது.

அப்படியானால் தாய் என்ன செய்வாள்? நூறு நாள் வேலை என்று ஊரெல்லாம் சொன்னார்களே, அந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு நல்ல விடை இருந்தது. வேலைக்கு வரும் பெண்களோடு ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அந்தப் பெண்களிலேயே ஒருவரைப் பிள்ளை பார்த்துக்கொள்ள நிறுத்த வேண்டும், அவருக்கும் கூலி உண்டு. பிள்ளை பார்ப்பதும் மண் வெட்டுவதைப் போல ஒரு வேலைதான் என்று மஸ்டர் ரோலில் ஏற்றிய விதி அது. எனக்கு மிகவும் பிடித்த விதி.

ஆலை, அலுவலகங்களுக்குக் காப்பகம்தான் வழி. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்களை மட்டும் எண்ணியது. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால்தான் காப்பகம் கட்டாயம் என்று இருந்ததால், பெண்களைக் குறைவாகவே எடுக்கலாமே என்ற எண்ணத்துக்கு அதில் இடம் இருந்தது. மகப்பேறு நலச் சட்டத்துக்கு 2017இல் வந்த திருத்தம் ஆண், பெண் எல்லோரையும் சேர்த்து எண்ணியது. 50 பேர் இருந்தால் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே ஏற்பாடுதான்.

இதில் ஒரு குறை எனக்கு உறுத்துகிறது. காப்பகம் வேண்டுமா என்று பார்க்கும்போது அப்பாவையும் எண்ணுகிறார்கள். போய்ப் பார்த்து வரும் அந்த நான்கு தடவை மட்டும் தாய் பேரில்தான் எழுதியிருக்கிறது. மனைவியை இழந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஷிப்டுக்கு வரும் தகப்பனுக்கு அந்த வரியில் இடமில்லை.