பழைய பியானோவின் குரல்

மோட்ஸார்ட் காலத்துப் பியானோவில் வாசித்த இசையை முதன்முறை கேட்கும் நேயர், அதனை ஹார்ப்சிகார்டு என்றே எண்ணிவிடுதல் உண்டு. செவியின் பிழை அன்று அது.

இரண்டும் கட்டைகளை அழுத்தி வாசிக்கும் தந்திக் கருவிகளே. வேறுபாடு பெட்டியின் உள்ளே இருக்கிறது. ஹார்ப்சிகார்டில் கட்டையை அழுத்தியதும் ஒரு மெல்லிய மரத்துண்டு எழும்பி, தன்னிற் செருகிய பறவை இறகின் தண்டினால் தந்தியைச் சுண்டும். வடபுலத்துக் கச்சேரிகளில், சித்தார்க் கலைஞர் விரலில் அணிந்த மிஸ்ராப் செய்யும் வேலையைக் கண்டிருப்பீர்கள். ஏறக்குறைய அதுவே இது. ஆயின் சித்தார்க் கலைஞரின் விரல் மென்மையாகவும் வலிமையாகவும் மீட்ட வல்லது. இறகோ, எவ்வளவு ஓங்கி அழுத்தினும் பெரும்பாலும் ஒரே அளவான ஒலியையே தரும். பியானோவில் சிறு சுத்தியல் ஒன்று தந்தியை அடித்து உடனே விலகுகிறது. காஷ்மீரத்துச் சந்தூரைப் போல, அடியின் வேகத்துக்கேற்ப ஒலியும் ஏறி இறங்குகிறது.

இவ்வமைப்பைக் கண்டவர், பிளாரன்ஸ் நகரில் மெடிச்சி அரசகுடும்பத்தின் இசைக்கருவிகளைப் பேணிவந்த பார்த்தொலோமியோ கிறிஸ்தோபோரி. 1700-ஆம் ஆண்டுப் பட்டியல் ஒன்றிலேயே அக்கருவி இடம் பெற்றுவிட்டது. மெல்லொலியும் வல்லொலியும் தருவது என்ற நீண்ட பெயரில், மெல்லொலியைக் குறிக்கும் சொல் மட்டுமே இன்று எஞ்சி நிற்பது ஒரு வேடிக்கை.

சுண்டுதலும் அடித்தலும் வேறாயின், குரல் ஒத்திருப்பது எதனால்? உடல் ஏறத்தாழ ஒன்றாயிருந்தமையால். மெல்லிய தந்திகள், இலேசான மரப்பெட்டி, தோல் போர்த்த சிறு சுத்தியல் ஆகியவற்றால் ஒலி தெளிவாகப் பிறந்து விரைவில் ஓய்ந்தது. வார்ப்பிரும்புச் சட்டமும், அழுத்திய கம்பளி போர்த்த பெரிய சுத்தியலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தவை. இன்றைய பெரிய பியானோவின் தந்திகள் யாவும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 20 டன். பழைய மரச்சட்டம் அதனைத் தாங்கியிராது.

வியன்னாவின் அன்டோன் வால்ட்டர் செய்த, மோட்ஸார்ட்டுக்கு உரியதாயிருந்த ஐந்து ஸ்தாயிப் பியானோ சால்ஸ்பர்க்கில் பாதுகாக்கப்படுகிறது. அத்தகைய கருவியில் இடக்கையின் தாழ்ந்த சுரங்கள் தனித்தனியே கேட்கும். புதிய பியானோவில் அவை ஒன்றோடொன்று குழைந்துவிடும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, புதிய கருவியில் கேட்கும் மோட்ஸார்ட் நல்லதொரு மொழிபெயர்ப்பாகவே தோன்றுகிறது. பொருள் வந்துவிடுகிறது, குரல் வேறு.

எது எது என்று அறிய விரும்பும் நேயர் ஓர் இசைத்தொடரின் முடிவைக் கவனிக்கலாம். ஈற்றுச் சுரம் தொடக்கத்தினும் தணிந்து அடங்கினால் பியானோ. எல்லாச் சுரங்களும் ஒரே வலிமையுடன் ஒலித்து, கட்டையை விடுகையில் இறகு தந்தியை உரசித் திரும்பும் சிற்றோசையும் கேட்டால் ஹார்ப்சிகார்டு.