கைக்குக் கை வந்த காப்பு

புத்தளத்திலிருந்து வடக்கே, கலாஓயா கடலை நெருங்கும் இடத்தில் எலுவன்குளம். அப்பால் வில்பத்துக் காடு. அதை ஊடறுக்கும் பழைய மன்னார் வீதி மறிச்சுக்கட்டிக்கும் சிலாவத்துறைக்கும் போகும். அந்நாளில் முத்துக்குளிப்புக் காலம் வந்தால் அந்தக் கரையில் ஓலைக்கொட்டில்களால் ஒரு நகரமே முளைக்கும். தமிழகத்திலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் சுழியோடிகளும் வியாபாரிகளும் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். இத்தனை பேர் ஒரே மணலில் நெருங்கிக் கிடந்தால் வாந்திபேதியும் பெரியம்மையும் வரக் கேட்கவா வேண்டும்?

பெரியம்மைக்கு எதிராகப் பசு அம்மைப்பாலின் பலனை 1796இல் ஆங்கில மருத்துவர் ஜென்னர் காட்டிவிட்டார். அதை இலங்கைக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. குளிரூட்டி இல்லாத காலம். ஒரு குழந்தையின் கையைக் கீறி அம்மைப்பாலை இடுவார்கள். எட்டாம் நாளளவில் கொப்புளத்தில் ஊறும் நீரை எடுத்து அடுத்த பிள்ளைக்கு இடுவார்கள். பிள்ளைகளின் தோல்தான் அன்றைய ஐஸ்பெட்டி. வியன்னா, பாக்தாத், பஸ்ரா என்று நகர்ந்து வந்த மருந்து, 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுச் சிறுமியின் கையில் பலித்தது. அதே ஆண்டில் இலங்கைக்கும் வந்துவிட்டது. ஆளுநர் பிரெடரிக் நோர்த்தின் காலம் அது. இங்கே முன்னின்று பரப்பியவர் மருத்துவர் தோமஸ் கிறிஸ்டி. இடையில் கை நீட்டிய பிள்ளைகளில் பெரும்பாலானோரின் பெயர் யாருக்கும் தெரியாது.

1886இல் சட்டம் போட்டு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கினார்கள். அம்மாள் வருத்தத்துக்கு வேப்பிலை கட்டிக் காத்திருந்த வீடுகள் தயங்கின. அதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளுவது நியாயமில்லை. குத்திய இடம் புண்ணானது, காய்ச்சல் அடித்தது. கைக்குக் கை மாற்றியதில் சில வேளை மேகநோயும் தொற்றியது.

பயம் மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்கும் உண்டு. இயற்கையாகப் பெரியம்மை தொற்றிய கடைசி மனிதர், 1977இல் சோமாலியாவின் மெர்காவில் மருத்துவமனைச் சமையற்காரராக இருந்த அலி மாவோ மாலின். ஊசி வலிக்கும் என்று பயந்து தவிர்த்தவர் அவர். பிழைத்தெழுந்து, பின்னாளில் போலியோ சொட்டு மருந்துக்காகத் தாய்மாரிடம் பேசப் போனார். 1980இல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தது. குழந்தைகளுக்கு அம்மை குத்துவதும் நின்றது. இன்றைய பிள்ளைகளின் இடது கையில் தெரியும் தழும்பு காசநோய்க்கெதிரான பீ.சீ.ஜீ. போட்டது.

இலங்கையில் அந்த பீ.சீ.ஜீ. ஊசி பிறந்தவுடனேயே ஆஸ்பத்திரியில் போடப்படும். 2, 4, 6ஆம் மாதங்களில் ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசியும் போலியோ மருந்தும். 9ஆம் மாதத்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கு. 12ஆம் மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு. எல்லாம் இலவசம். மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். மாரியில் கலாஓயா பெருகினால் எலுவன்குளம் சப்பாத்துப் பாலம் நீரில் மூழ்கி, வீதி அறுந்துபோகும். கொழும்பில் தீட்டும் எந்த அட்டவணையிலும் இந்தப் பாலம் இல்லை. அது குடும்பநல மாதுவின் தலைவலி.

சின்னமுத்தை ஒழித்ததாக 2019இல் இலங்கை சான்று பெற்றது. 2023இல் அது திரும்பவும் தலைகாட்டியது. 2024 ஜனவரியில், தெரிவுசெய்த மாவட்டங்களில், 9 மாதமாகாத குழந்தைகளுக்கும் மேலதிகமாக ஓர் ஊசி போட வேண்டியிருந்தது. மழையால் கிளினிக் நாள் தவறிப்போன பிள்ளைக்கு முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விடுபட்டதை வெள்ளம் வடிந்ததும் ஏற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு நனையாமல் இருக்க வேண்டும்.