காற்று இறங்கினாலும் ஓடும் டயர்

விடுமுறை வந்தால் ஊர் நோக்கிப் புறப்படுவது நம்மவர் இயல்பு. தில்லியிலும் போபாலிலும் நாகபுரியிலும் வாழும் தமிழன்பர்களுள் சிலர், ரயிலில் இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று காத்திராமல், சொந்தக் காரிலேயே குடும்பத்துடன் கிளம்பிவிடுகின்றனர். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, அவர்களைச் சேலம், மதுரை, திருநெல்வேலி வரை கொண்டுவந்து சேர்க்கிறது. இத்துணை நீண்ட பயணத்தில் வண்டியின் பாரத்தையும் நம் பாரத்தையும் தாங்கி நிற்பது நான்கு டயர்களுக்குள் அடைபட்டிருக்கும் காற்றே. அக்காற்று நடுவழியில் இறங்கிவிட்டால் என் செய்வது? நேயர்களே, இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

பழைய வழி யாவரும் அறிந்தது. வண்டியை ஓரங்கட்டி, ஜாக்கியால் உயர்த்தி, பின்புறம் வைத்திருக்கும் மாற்றுச் சக்கரத்தைப் பூட்டிக்கொள்வோம். அதனை நாடெங்கும் ‘ஸ்டெப்னி’ என்கிறோம். இச்சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. மாற்றுச் சக்கரம் இல்லாமலே கார்கள் விற்கப்பட்ட காலத்தில், 1904ஆம் ஆண்டில், வேல்ஸ் நாட்டு லானெல்லி நகரத்தில் டேவிஸ் சகோதரர்கள் அவசரத்துக்குப் பொருத்திக்கொள்ளத்தக்க சக்கரம் ஒன்றைச் செய்தனர். அந்நகரத்து ஸ்டெப்னி தெருவின் பெயரே அச்சக்கரத்துக்கும் பெயராயிற்று. பிறந்த நாட்டில் அச்சொல் மறைந்துவிட்டது. நம் நாட்டிலோ அது பஞ்சர் கடைதோறும் வாழ்கிறது.

இந்த ஸ்டெப்னியே வேண்டாம் என்னும் ஏற்பாட்டுடன் இப்போது உயர்ந்த விலைக் கார்கள் சில வருகின்றன. அவற்றில் பூட்டப்பட்டிருப்பது ‘ரன்ஃபிளாட்’ டயர். காற்று இறங்கிய பின்னரும் சிறிது தூரம் ஓடவல்ல டயர் என்பது அதன் பொருள். இக்கருத்து முற்றிலும் புதியதன்று. 1970களிலேயே டன்லப் நிறுவனம் ‘டெனோவோ’ என்னும் பெயரில் இத்தகைய டயர் ஒன்றை வெளியிட்டது. இன்று வழங்கும் வகை, அமைப்பில் அதனினும் வேறானது.

வேறுபாட்டை ஓர் உவமையால் விளக்கலாம். வழக்கமான டயர், நெல் நிரப்பிய சாக்கைப் போன்றது. நெல் உள்ளவரை சாக்கு நிமிர்ந்து நிற்கும். கொட்டிவிட்டாலோ துவண்டு விழும். அவ்வாறே காற்றிழந்த சாதாரண டயரின் பக்கச்சுவர் மடிந்து, இரும்பு விளிம்புக்கும் சாலைக்கும் இடையே நசுங்கிச் சிறிது தூரத்திலேயே கிழிந்துவிடும். ரன்ஃபிளாட் டயர், குதிரைப் போன்றது. குதிரில் நெல் ஒழிந்தாலும் மண்சுவர் தானே நிற்குமன்றோ? அதுபோல, வெப்பத்தைத் தாங்கும் தடித்த ரப்பரால் வலுப்படுத்தப்பட்ட பக்கச்சுவரே வண்டியின் பாரத்தைச் சுமந்துகொள்கிறது.

ஆயின் அச்சுமைக்கும் ஓர் எல்லை உண்டு. காற்றின்றி ஓடும்போது பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் வளைந்து நிமிர்கிறது, அதனால் சூடேறுகிறது, சூடு மிகுந்தால் ரப்பர் சிதைகிறது. எனவேதான், மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகத்தில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம் வரை செல்லலாம் என்று தயாரிப்பாளர்கள் பொதுவாக வரையறுக்கின்றனர். பாரம் மிகுந்தால் இத்தூரம் குறையும். மேலும், காற்று இறங்கியதே ஓட்டுநருக்குத் தெரியாமற் போகக்கூடும். ஆதலால் காற்றழுத்தக் குறைவை உணர்ந்து விளக்கெரித்துக் காட்டும் கருவி இல்லாத வண்டியில் இவ்வகை டயரைப் பூட்டுதல் கூடாது.

இதன் நன்மையும் குறையும் என் நண்பர் ஒருவரின் அனுபவத்தில் ஒருங்கே வெளிப்பட்டன. தில்லியில் வாழும் அவர், தங்கை மகளின் திருமணத்துக்காக முதிய தாயாருடன் மதுரைக்குக் காரில் புறப்பட்டார். மத்தியப் பிரதேச எல்லையைக் கடந்து மகாராஷ்டிரத்துக் காட்டுப் பகுதியில் வரும்போது, இரவு நேரத்தில், எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வண்டியில் ரன்ஃபிளாட் டயர் இருந்தமையால் அவர் இறங்கவேயில்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டு நாகபுரியின் எல்லையை அடைந்தார். தாயாருக்குச் செய்தியே மறுநாட் காலையில்தான் தெரியும். இதுவரை எல்லாம் நன்மையே. ஆனால் அந்த அளவு ரன்ஃபிளாட் டயர் அங்கே அவர் விசாரித்த கடைகளில் இல்லை. வெளியூரிலிருந்து அது வந்து சேர இரண்டு நாட்கள் ஆயின. ஓடிவந்த டயரை ஒட்டித்தரக் கடைக்காரர் இசையவில்லை. மாற்றுச் சக்கரமோ வண்டியில் இல்லை. அம்மூதாட்டியை ரயிலேற்றி அனுப்பினார்கள். அவர் மதுரை சேர்ந்தபோது முகூர்த்தம் முடிந்திருந்தது. பேத்தியின் கழுத்தில் தாலி ஏறும் காட்சியைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

இதிலிருந்து நாம் அறிவது யாது? ரன்ஃபிளாட் டயர் பஞ்சரை ஒழிப்பதில்லை. 80 கிலோமீட்டர் தூரத்துக்கு அதனை ஒத்திவைக்கிறது. அத்தூரத்துக்குள் என்ன கிடைக்கும் என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது. தில்லி போன்ற பெருநகரத்துக்குள்ளேயே நாள்தோறும் சென்று திரும்புவோர்க்கு, அதற்குள் பல கடைகள் உண்டு. இரவில் தனியே வண்டியோட்டும் பெண்களுக்கும், சக்கரத்தைக் கழற்ற வலிமையில்லாத முதியோர்க்கும் அது பெருந்துணை. விரைந்து செல்கையில் காற்று திடீரென இறங்கினாலும், வண்டியைக் கட்டுக்குள் வைத்து நிறுத்த அது உதவும். ஆனால் சியோனியிலிருந்து நாகபுரிக்கே 120 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. இத்தகைய நெடுவழியில் அடிக்கடி செல்வோர் இக்கணக்கை மறத்தலாகாது.

வேறு சிலவற்றையும் சீர்தூக்குதல் வேண்டும். ரன்ஃபிளாட் டயர், அதே அளவுள்ள சாதாரண டயரைவிட விலை கூடியது, எடையும் கூடியது. பக்கச்சுவர் விறைப்பாயிருத்தலின் மேடுபள்ளங்களின் அதிர்ச்சி உள்ளிருப்போரை எட்டும். காற்றின்றி ஓடிய டயரின் உட்சிதைவு வெளியே புலப்படாது. ஆதலால் அதனைச் செப்பனிடாமல் மாற்றிவிடுமாறு பல தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். வழக்கமான டியூப் இல்லாத டயரிலோ, ஆணி தைத்தாலும் பெரும்பாலும் காற்று மெல்லவே இறங்கும்; சாலையோரப் பஞ்சர் கடையிலேயே சிறு செலவில் அடைத்துக்கொள்ளலாம். நெடுஞ்சாலை ஓரத்தில், லாரிகள் விரையும் இரவில், சக்கரம் மாற்ற நேர்வதே அதன் பெருங்குறை. அது சிறிய ஆபத்தன்று.

2020ஆம் ஆண்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. 3.5 டன்னுக்கு மேற்படாத பயணிக் கார்களில் டியூப் இல்லாத டயர்களும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் அடைக்கும் சாதனங்களும் இருக்குமாயின், ஸ்டெப்னி கட்டாயமில்லை என்பது அதன் சாரம். கட்டாயமில்லை என்பதால் தேவையில்லை என்று கொள்ளலாகாது. ஆணி தைத்த சிறு துளையை அச்சாதனங்கள் அடைக்கும். பக்கச்சுவரில் ஏற்பட்ட கிழிசலை அவற்றால் அடைக்க இயலாது. கார் வாங்கும்போதே பின்பெட்டியைத் திறந்து, ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்த்தல் நலம்.

உங்கள் டயர் எவ்வகை என்பதைப் பக்கச்சுவரிலுள்ள எழுத்துக்களால் அறியலாம். ஆர்.எஃப்.டி., எஸ்.எஸ்.ஆர்., இஸட்.பி. போன்ற குறிகள் ரன்ஃபிளாட் டயரைக் காட்டுவன. அதனை விட்டுச் சாதாரண டயருக்கு மாற விரும்புவோர், கார் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா என்று கேட்டறிந்து, நான்கையும் ஒருசேர மாற்றி, ஸ்டெப்னியும் ஜாக்கியும் வாங்கி வைத்துக்கொள்ளுதல் வேண்டும். இரண்டு வகையையும் கலந்து பூட்டுதல் தவறு.

எவ்வகை டயராயினும், புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கையில், ஸ்டெப்னி உட்பட எல்லாவற்றிலும் காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள். சாலையைத் தொடும் பரப்பிலுள்ள பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால் டயரை மாற்றிவிடுங்கள். ரன்ஃபிளாட் டயர் உள்ளவர்கள், செல்லும் வழியில் எந்தெந்த நகரத்தில் அந்த அளவு டயர் கிடைக்கும் என்பதைத் தொலைபேசியில் விசாரித்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் நம்மை எதிர்பார்த்து வாசலில் விளக்கேற்றி வைத்திருப்போர்க்காக, இந்த அரை மணி நேரத்தைச் செலவிடுதல் நம் கடமை.