சித்தேரி மலைக்கு எந்த மாதம் போகலாம்? சீசனுக்கு ஒரு முகம் காட்டும் ஊர்!

காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்கு விளையாட டிசம்பர் முதல் மார்ச் வரை கூட்டம் குவியும். ஆனால், 'குல்மார்க்' என்றால் பூக்களின் புல்வெளி என்று அர்த்தம். பனி உருகிய பிறகு போனால்தான் அந்தப் பெயரே புரியும். மலை ஊர்கள் எல்லாமே இப்படித்தான். ஒரு சீசனில் பார்த்தால் பாதிதான் பார்த்த மாதிரி.

தருமபுரி மாவட்டம், அரூர் பக்கத்தில் இருக்கும் சித்தேரியும் அதில் ஒன்று. கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் இந்த ஊரிலும் சுற்றியுள்ள குக்கிராமங்களிலும் மலையாளி பழங்குடியினர் வாழ்கிறார்கள். பெயரை வைத்து கேரளா என்று நினைத்துவிடாதீர்கள். மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. பேசுவது தமிழ்தான்!

ஆடி முதல் ஐப்பசி வரை: பச்சை

மழையை நம்பிச் சாமை விதைக்கும் காலம். சுமார் மூன்று மாதத்தில் கதிர் முற்றிவிடும். மலையில் பெய்யும் மழை, அடிவாரத்தில் வள்ளிமதுரை வரட்டாறு அணைக்கு வந்து சேரும். கண்ணுக்குக் குளிர்ச்சியான சீசன் இதுதான். கனமழை நாளில் மட்டும் மலைப்பாதையைத் தவிர்த்துவிடுங்கள்.

மார்கழி, தை: பனி

காலையில் மூடுபனி, பகலில் இதமான வெயில். குழந்தைகள், பெரியவர்களோடு போக வசதியான நேரம்.

மாசி முதல் வைகாசி வரை: வெயில்

புளி உலுக்குவார்கள், பலா பழுக்கும். ஆனால், காடு காய்ந்து, காட்டுத்தீ பயமும் கூடும். மானாவாரி நிலத்தில் வேலை இருக்காது. பிழைப்புக்காக வெளியூர் கிளம்புகிறவர்கள் அதிகம். 2015 ஏப்ரல் 7 அன்று, ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் இறந்தார்கள். அதில் சித்தேரி மலைப்பகுதியைச் சேர்ந்தவர்களும் உண்டு. மழைக்காலப் பச்சையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு, சித்தேரியின் இந்தப் பக்கம் தெரியவே தெரியாது.

கவனத்தில் வையுங்கள்

* ஊட்டி, ஏற்காடு போல வரிசையாக ஹோட்டல்களை எதிர்பார்க்காதீர்கள். அரூரில் தங்கிவிட்டு, காலையில் போய் இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள்.
* வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நுழையக் கூடாது.
* பிளாஸ்டிக் குப்பையைத் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள். கோடையில் நெருப்பு மூட்டவே வேண்டாம்.
* சாமை, புளி, பலா எது கிடைத்தாலும் விளைவித்தவர்களிடமே, பேரம் பேசாமல் வாங்குங்கள். வேலை இல்லாத மாதத்தில் அந்தக் காசுக்கு மதிப்பு அதிகம்.